திருவாதிரைக்கு நாள் குறிக்கப் போற அம்மிணிக்கு

நட்சத்திரம் செய்யறதுக்கு இப்பெல்லாம் பெரிய படிப்பு ஒண்ணும் வேண்டியதில்லை, அம்மிணி. காசும் வேண்டியதில்லை. மெசான்னு ஒரு மென்பொருள் இருக்குது, சும்மாவே இறக்கிக்கலாம். லினக்ஸோ மேக்கோ ஓடற மடிக்கணினி ஒண்ணு, அதுல சில ஜிபி எடம், ராத்திரி பூராம் போகாத கரண்டு. இது இருந்தாப் போதும். ஒரு கோப்புல, எடை 15 சூரியன்னு எழுது. ரெண்டு கட்டளை தட்டு. ஒரு கோடி வருசத்துக்கு மேல வாழற நட்சத்திரம் உன்ற மடியில பொறந்து, எரிஞ்சு, அடுத்த பொழுது சாயறதுக்குள்ள வாழ்ந்து முடிச்சிரும். பிரம்மனுக்குக்கூட இத்தனை சீக்கிரத்துல முடியாது. அவனுக்கு ஃபோர்ட்ரான் நிரல்மொழி தெரியாதில்ல.

நீ ஆராய்ச்சிக்குப் போறேன், ரோசனை சொல்லுங்க அப்புச்சின்னு கேட்டதுனால சொல்றேன். நானு எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். நீ லீவுக்கு வந்தப்பெல்லாம் திண்ணையில ஒக்காந்து வாய் ஓயாமச் சொன்னதைக் காதுல வாங்கினவன், அவ்வளவுதான். அதனால நானு சொல்றதை நம்பாதே. நம்பாம ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்தயின்னா நெம்ப நல்லது. எனக்கும் பழி இல்லை.

மொத ரோசனை, எதையும் படிக்காதே. அந்த மெசாவுக்குள்ள நூத்துக்கணக்குல திருகாணி இருக்குதுன்னு நீதான் சொன்னே. ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு அளவு வெச்சுட்டுப் போயிருக்கான். அவன் வெச்சது தப்பாவா இருக்கும்? "இந்த அளவுங்க உன்ற நட்சத்திரத்துக்குப் பொருந்தும்னு நாங்க சொல்லவே இல்லை, நீயே பாத்து வெச்சுக்கோ"ன்னு செஞ்சவியளே தலைப்பாடா அடிச்சுக்கறாங்களாம். அடிச்சுக்கட்டும். அவியளுக்கு வேற வேலை இல்லை.

அடுத்தது, படம். ஓடறப்பவே திரையில ஒரு சன்னல் தெறந்து கலர் கலராக் கோடு போடுதல்ல, அதை மொதல்ல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுரு. மாமன், மச்சான், ஒறம்பறைன்னு அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்குவாங்க. அதுல ஒருத்தனாச்சும் "ஏம்புள்ளே, அந்த உருண்டைய எத்தனை அடுக்கா வெட்டினே?"ன்னு கேப்பானா? கேக்கமாட்டான். கேக்கறதுக்கு நானொருத்தன்தான் இருக்கறேன். எனக்கும் இப்பக் காது மந்தம்.

ஆனா அந்த அடுக்குலதான் மொத்த வித்தையும் இருக்குது. நட்சத்திரம்னா வாயு உருண்டை. அதை நடுவுல இருந்து மேல் தோல் வரைக்கும் ஆயிரம் சொச்சம் அடுக்கா வெட்டிக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் நாலு கேள்வி. எத்தனை தூரத்துல இருக்கறே, எத்தனை நெருக்கமா இருக்கறே, எத்தனை சூடா இருக்கறே, உன்னைத் தாண்டி எத்தனை வெளிச்சம் வெளிய போகுது? மேல கெடக்கற பாரத்தைக் கீழ இருக்கற அழுத்தம் தாங்கியாகோணும். உள்ள பொறக்கற சூடு எப்படியாச்சும் வெளிய வந்தாகோணும். இந்த அடுக்கோட பதிலு அந்த அடுக்கைக் கேட்டுத்தான் வரும், அந்த அடுக்கு இதைக் கேட்டுத்தான் சொல்லும். அதனால ஒண்ணொண்ணாத் தீர்க்க முடியாது. அத்தனைக்கும் ஒரே நேரத்துல ஒரு குத்துமதிப்புப் போட்டு, எங்க எவ்வளவு ஒதைக்குதுன்னு பாத்து, திருத்தி, மறுபடி பாத்து, அடங்கற வரைக்கும் திருத்தறது. இதைக் கணினிக்குத் தோதாச் செஞ்சு காட்டினவரு கலிபோர்னியாவுல பெர்க்லியில இருந்த லூயி ஹென்யி. அவரும் கூட்டாளிகளும் 1959லயும் 1964லயும் எழுதின முறைதான் மெசாவுக்கும் எலும்பு.

ஒரு கணம் அடங்கிருச்சுன்னா, காலத்தை ஒரு எட்டு முன்னாடி வெக்கோணும். இங்கதான் வேடிக்கை. நம்ம சூரியன் இருக்கற மாதிரி அமைதியான காலத்துல ஒரு எட்டுக்கு லட்சக்கணக்கான வருசம் தாண்டலாம். நடுவுல ஹைட்ரஜன் தீந்து, சிவப்பு அரக்கனா ஊதிப்போயி, உள்ள கெடக்கற ஹீலியம் 10 கோடி டிகிரி சூட்டுல திடீர்னு பத்திக்கும் பாரு, அப்ப ஒரு எட்டு மணிக்கணக்காச் சுருங்கும், இன்னும் கீழயும் போகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நட்சத்திரத்தோட நடுவுல ஒரு கேலக்ஸிக்குச் சமமான சக்தி பொறக்குது. வெளிய இருந்து பாக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அத்தனையும் உள்ளயே செரிச்சுக்குது. பழைய நிரல்ல பலதும் இந்த எடத்துக்கு வந்துதான் மூச்சை விட்டுது. அப்ப ஆராய்ச்சிக்காரங்க என்ன பண்ணினாங்கன்னா, இந்த எடத்தை அப்படியே தாண்டிக் குதிச்சு, அக்கட்டால ஒரு புது நட்சத்திரத்தைக் கட்டி, அங்க இருந்து மறுபடி ஓட்டினாங்க. மெசா ஒரு சூரிய எடை நட்சத்திரத்தை இந்தக் கண்டத்தைத் தாண்டி, எரிபொருள் தீந்த வெண்குள்ளனா ஆறிப்போற வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டிக் காட்டுச்சு. அதை மெச்சித்தான் ஆகோணும், எனக்கு மெச்சற பழக்கம் இல்லைன்னாலும்.

இத்தனையும் இப்ப உன்ற கையில சும்மா கெடக்குது. முன்னாடி அப்படி இல்லை. இந்த நிரல்ல பலதும் ஊர் வைத்தியரு குடுக்கற லேகியமாத்தான் இருந்துது. உருண்டைய வாங்கி முழுங்கலாம், குணமாச்சுன்னா கும்புட்டுட்டுப் போகலாம். உள்ள என்ன போட்டீங்கன்னு கேட்டா மட்டும் வைத்தியரு கூரையப் பாப்பாரு. மகனுக்கு மட்டும், அதுவும் சாகற காலத்துல காதோட சொல்வாரு. பேராசிரியரு எழுதின நிரல் அவரு மாணவனுக்குப் போகும், அவன் அதுல நாலு வரி சேத்து அவன் மாணவனுக்குக் குடுப்பான். கட்டுரை வெளிய வரும், முடிவு வரும், படமும் வரும், நிரல் வராது. ரெண்டு கூட்டம் ஒரே நட்சத்திரத்தைக் கணக்குப் போட்டு ரெண்டு விதமாச் சொன்னா, எங்க வித்தியாசம்னு பாக்கறதுக்கு ரெண்டு வைத்தியரையும் ஒரே திண்ணையில ஒக்கார வெக்கோணும். அது நடக்கற காரியமா?

எல்லாரும் அப்படி இல்லைங்கறதையும் சொல்லிப்போடறேன். பீட்டர் எகில்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு 1971ல ஒரு நிரல் எழுதினாரு. நெம்பச் சின்னது. கேட்டவங்களுக்குக் குடுத்தாரு. அதை வாங்கி, தூசி தட்டி, யாரு வேணும்னாலும் ஓட்டற மாதிரி 2004ல ஒண்ணு ஆக்கினவருதான் பில் பாக்ஸ்டன். அதோட நிக்காம, அடியில இருந்து புதுசாக் கட்டினதுதான் மெசா.

இந்த பாக்ஸ்டன் கதையக் கேட்டப்பத்தான் எனக்குப் பொறாமையே வந்துது. 1968 டிசம்பர்ல சான்பிரான்சிஸ்கோவுல டக்ளஸ் ஏங்கல்பார்ட்டுங்கறவரு மவுஸுன்னு ஒண்ணைப் பெரிய சபையில ஓட்டிக் காட்டினாரே, அன்னைக்கு தூரத்து ஆய்வுக்கூடத்துல இருந்து திரையில வந்து பேசினவங்கள்ல இவரும் ஒருத்தரு. அப்புறம் அடோபியில போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கற அச்சு மொழி உருவானதுல இவருக்குப் பங்கு. நீ ஆதார் அட்டைய பிடிஎஃப்-ஆ இறக்கறயே, அந்த பிடிஎஃப் போஸ்ட்ஸ்கிரிப்டோட வாரிசுதான். 1990ல ஓய்வு. நம்மூர்ல ஓய்வுன்னா கோயில் கமிட்டியில சேந்து சண்டை போடுவாங்க. இவரு சான்டா பார்பராவுல இருக்கற காவ்லி கோட்பாட்டு இயற்பியல் நிறுவனத்துக்குப் போயி, வானியல் பட்டம் ஒண்ணும் இல்லாமயே நட்சத்திரம் செய்ய ஒக்காந்தாரு. 2011ல ஆறு பேரா மொதல் பெரிய கட்டுரை. அதுக்கப்புறம் 2013, 2015, 2018, 2019, 2023ன்னு வரிசையா, என்ன சேத்தோம், எப்படிச் சேத்தோம்னு தடிதடியா எழுதிட்டே இருந்தாங்க. 2021ல அமெரிக்க வானியல் கழகம் இவருக்கு பியாட்ரிஸ் டின்ஸ்லி பரிசு குடுத்துது. மென்பொருள் எழுதினதுக்குப் பரிசு! கூட்டம் போட்டுப் பேசறவனுக்குத்தான் பொன்னாடைன்னு இருக்கற ஒலகத்துல இது பெரிய விசயம்.

சரி, ரோசனைக்கு வாரேன். எடை எழுதினயே, அந்தக் கோப்புக்கு இன்லிஸ்ட்டுன்னு பேரு. அதுல உலோக அளவுன்னு ஒரு வரி வரும், ஹைட்ரஜனும் ஹீலியமும் போக மிச்சத்தோட பங்கு. 0.02ன்னு போட்டுரு. ஏன்னு கேட்டா, எல்லாரும் போடறாங்கன்னு சொல்லு. சூரியனோட உலோக அளவு 0.0134தான்னு 2009ல ஆஸ்ப்லண்டும் கூட்டாளிகளும் அளந்து சொன்னதையும், அந்தப் புது அளவைப் போட்டா சூரியன் அதிர்ற அதிர்வோட மாடல் ஒத்துப்போக மாட்டேங்குதுன்னு அன்னையில இருந்து சண்டை நடக்கறதையும் நீ கேள்விப்படாத மாதிரியே இருந்துக்கோ. வம்பு எதுக்கு.

அப்புறம் கலவை நீளம்னு ஒரு எண். நட்சத்திரத்துக்குள்ள சில எடத்துல சூடு வெளிச்சமாப் போறதில்லை. வாயுவே சூட்டைச் சுமந்துட்டு மேல ஏறுது, ஆறிக் கீழ எறங்குது. அது முப்பரிமாணத்துல நடக்கற பேய்க்கூத்து. மெசாவோ நடுவுல இருந்து வெளிய வரைக்கும் ஒரே கோட்டுல போற கணக்கு. அந்தக் கூத்தை ஒத்தைக் கோட்டுல எப்படி அடைக்கறது? எரிக்கா போம்-விட்டென்சேன்னு ஒரு ஜெர்மன் அம்மா 1958ல வழி சொன்னாங்க. ஒரு வாயுப் பொதி எத்தனை தூரம் ஏறிக் கலையும்னு ஒரு எண் போட்டுக்கோ, மிச்சக் கணக்கு தானா வரும். அந்த எண் எத்தனை? அதைக் கோட்பாடு சொல்லாது. சூரியனைச் செஞ்சு பாத்து, 457 கோடி வருசத்துல இன்னைக்கு இருக்கற வெளிச்சமும் இன்னைக்கு இருக்கற அகலமும் வர்ற வரைக்கும் திருகோணும். ரெண்டுக்குப் பக்கத்துல எங்கயாச்சும் நிக்கும். நின்னதும் என்ன பண்றாங்க? அதே எண்ணைத் தூக்கி, சூரியனை விட எழுநூறு மடங்குக்கு மேல அகலமான திருவாதிரை நட்சத்திரத்துக்கும் போடறாங்க. பொருந்துமான்னு கேட்டா, வழக்கம்னு சொல்லிரு கண்ணு. வழக்கம்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் மறுகேள்வி கேக்கமாட்டாங்க. சான்டா பார்பராவுல கேப்பாங்களோ என்னமோ.

இன்னும் ஒரு சுவிட்ச் இருக்குது, அதைக் கேட்டு நானு வாய்விட்டுச் சிரிச்சேன். ரொம்பக் கனமான நட்சத்திரத்தோட வெளி அடுக்குல வெளிச்சத்தோட தள்ளுதலே பாரத்தைத் தூக்கற அளவுக்கு வந்துரும். அங்க மெசாவோட கால எட்டு சுருங்கிச் சுருங்கி, ஓட்டமே நகராம நின்னு போகும். அதுக்கு 2013ல ஒரு வழி வெச்சாங்க. 'ஓகே டு ரெட்யூஸ்'னு ஆரம்பிக்கிற ஒரு வரி. வெப்பச் சரிவு மிஞ்சிப் போற எடத்துல அதைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமா, உனக்குச் சம்மதமான்னு அது கேக்குது. சம்மதம்னு எழுதினயின்னா நட்சத்திரம் ஓடும். இயற்கை சம்மதிச்சுதான்னு யாரும் கேக்கலை. ஆனா ஒண்ணு, அவிய இதை மறைக்கலை. பேரிலயே கேள்வி இருக்குது, கட்டுரையில வெளக்கம் இருக்குது. சம்மதம்னு போட்டுட்டுக் கட்டுரையில அதைச் சொல்லாம விடறவன்தான் களவாணி.

ஓட்டம் நடுவுல நின்னு, கால எட்டு கீழ் எல்லைக்கும் கீழ போயிருச்சுன்னு திரையில எழுத்து வந்தா, பயப்படாதே. அது ஏன் நின்னுதுன்னு தேடாதே. தேடினா ஒரு மாசம் போயிரும். பிழைய எவ்வளவு வரைக்கும் பொறுத்துக்கலாம்னு ஒரு எண் இருக்குதல்ல, அதைப் பெருசாக்கு. பொறுமை கூடக்கூட நட்சத்திரம் ஓடும். இன்னும் பெருசாக்கினா இன்னும் வேகமா ஓடும். ரொம்பப் பெருசாக்கினா நட்சத்திரமே வேண்டியதில்லை, கோடு மட்டும் போதும். மாறாக, அடுக்கோட அகலத்தைப் பாதியாக்கி ஒருதடவை, கால எட்டைப் பாதியாக்கி ஒருதடவை ஓட்டிப் பாத்துறாதே. அப்ப விடை நகந்துச்சுன்னா, நீ இத்தனை நாளாச் சொன்னது நட்சத்திரத்தோட கொணமில்லை, உன்ற வெட்டுக்கத்தியோட கொணம்னு தெரிஞ்சு போகும். மனசு சங்கடப்படும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்ன பெரியவங்களுக்கு ஆராய்ச்சிக் கெடுவோட அவசரம் தெரியாது.

இப்பத் திருவாதிரை. நீ அதைத்தான் ஆராய்ச்சிக்கு எடுக்கப் போறேன்னு சொன்னதுல இருந்து உன்ற அம்மிச்சி, மார்கழித் திருவாதிரைக் களிக்கு எதாச்சும் கேடு வருமோன்னு என்னைத்தான் போட்டு அரிச்சுட்டு இருக்கறா.

2019 கடைசியில அது மங்க ஆரம்பிச்சு, 2020 பிப்ரவரியில வழக்கமான வெளிச்சத்துல பாதிக்கும் கீழ எறங்கிருச்சு. ஒலகம் பூராம் ஒரே பேச்சு, வெடிக்கப் போகுதுன்னு. அதுக்கென்ன, ஒருத்தன் படுத்துட்டான்னா நாள் குறிக்கறதுக்கு நாலு பேரு வந்துருவாங்க. கடைசியில பாத்தா, அதோட மேல் தோல்ல ஒரு பக்கம் குளுந்து போயி, அதுவே ஊதித் தள்ளின வாயு தூசியா ஒறைஞ்சு நம்ம பார்வைய மறைச்சிருக்குது. 2021ல அதைப் படத்தோட சொன்னாங்க.

ஆனா நாள் குறிக்கற வேலை நிக்கலை. 2020ல ஆஸ்திரேலியாவுல இருந்த மெரிடித் ஜாய்ஸும் கூட்டாளிகளும் மெசாவை வெச்சுத் திருவாதிரையச் செஞ்சு பாத்தாங்க. வெளிச்சத்தை மட்டும் பாக்கலை, அது துடிக்கற துடிப்பையும் பாத்தாங்க. அந்த நட்சத்திரம் ஊதிச் சுருங்கறதுல பல தாளம் இருக்குது. 185 நாளைக்கு ஒண்ணு, 400 நாளுக்கு மேல ஒண்ணு, அப்புறம் ஆறு வருசத்துக்குப் பக்கத்துல நெம்ப நீளமா ஒண்ணு. இதுல 416 நாள்தான் அடித்தாளம்னு எடுத்துக்கிட்டாங்க. அப்படி எடுத்தா, அகலம் சூரியனைப் போல 764 மடங்கு, எடை இன்னைக்கு 16.5ல இருந்து 19 சூரியன், இன்னும் உள்ள ஹீலியம்தான் எரிஞ்சுட்டு இருக்குது. வெடிக்க லட்சம் வருசத்துக்கு மேல ஆகும்.

சந்தோசம்னு இருந்தா, 2023ல ஜப்பான்ல சாயோங்கறவரு கூட்டாளிகளோட வந்தாரு. அவிய ஓட்டினது ஜெனீவாவுல வளந்த இன்னொரு நிரல். அவிய சொன்னது, அந்த ஆறு வருச நீளத் தாளம்தான் அடித்தாளம். 400 சொச்சம் அதுக்கு மேல்தாளம். அப்படி எடுத்தா அகலம் 1200, 1300 மடங்குன்னு ஆயிருது. ஹீலியம் தீந்து கார்பனும் தீர்ற கடைசிக் கட்டம். அதாவது, ஆளு போயிட்டே இருக்கறாரு.

இப்ப நீ சொல்லு. லட்சம் வருசமா, இல்லை பேரன் பேத்தி காலமா? நிரல் வேற வேறங்கறதுனாலயா இந்த வித்தியாசம்? மெசா நல்லது, ஜெனீவா கெட்டதுன்னு யாராச்சும் சொன்னா அவனைத் திண்ணையில ஏத்தாதே. ரெண்டுலயும் அதே நாலு கேள்விதான், ஒரே மாதிரி உள்ள போட்டா ஏறக்குறைய அதே விடைதான். வித்தியாசம் எந்தத் தாளத்தை அடித்தாளம்னு மனுசன் முடிவு பண்ணினான்கறதுல இருக்குது. இயந்திரத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி எடுத்த முடிவு அது. நிரல் அந்த முடிவை வாங்கி, பத்து தசம எடம் வரைக்கும் சுத்தமா அரைச்சு, வெளிய குடுத்துது. அது அவ்வளவு அழகா வெளிய வர்றதுனால, உள்ள போட்டது நம்ம கைதான்னு நமக்கே மறந்து போகுது. இது ஒண்ணை மட்டும் நீ நெஜமாவே ஞாபகம் வெச்சுக்கோ. மத்ததுல விளையாட்டு உண்டு, இதுல இல்லை.

சண்டை எப்படிப் போச்சுன்னா, 1300 மடங்கு அகலம்னா வானத்துல அளந்த அகலத்தோட ஒத்து வராதேன்னு ஜாய்ஸ் பக்கத்துக்காரங்க கேட்டாங்க. அப்ப அந்த ஆறு வருசத் தாளம் எதுக்கு அடிக்குது? 2024ல, பக்கத்துல சின்னதா ஒரு துணை நட்சத்திரம் சுத்தறதுனாலதான் இருக்கோணும்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. 2025ல ஹவாயில ஜெமினி வடக்குத் தொலைநோக்கியில அந்தத் துணையப் பாத்துட்டோம்னு செய்தி வந்துது. அது உறுதியாப் போச்சுன்னா நீளத் தாளம் நட்சத்திரத்தோட துடிப்பே இல்லைன்னு ஆகும். அம்மிச்சிகிட்ட நானு, களிக்கு அரிசியும் வெல்லமும் வாங்கியே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்.

இப்படிச் சொல்றதுனால மாடல்னாலே பொய்யின்னு நெனச்சறாதே. சில சமயம் மாடல்தான் சரி, அளந்தவங்கதான் தடுமாறுவாங்க. ஜான் பாகால்னு ஒருத்தரு சூரியனோட உள்ளக் கணக்கு வெச்சு, அங்க இருந்து நியூட்ரினோங்கற துகள் இத்தனை வரோணும்னு சொன்னாரு. ரே டேவிஸ்னு அவரோட சிநேகிதரு அமெரிக்காவுல தெற்கு டகோட்டாவுல ஒரு தங்கச் சுரங்கத்துல ஒண்ணரைக் கிலோமீட்டர் ஆழத்துல ஒரு தொட்டி வெச்சு, துணி வெளுக்கற திரவத்தை லட்சக்கணக்கான லிட்டர் ஊத்திக் காத்திருந்தாரு. வந்தது மூணுல ஒரு பங்குதான். ஊரே பாகாலைப் பாத்து, உன்ற சூரியன் தப்புன்னுது. முப்பது வருசத்துக்கு மேல அவரு, கணக்கு சரிதான்னு சொல்லிட்டே இருந்தாரு. 2001லயும் 2002லயும் கனடாவுல சட்பரி சுரங்கத்துல அளந்து பாத்தப்பத்தான் தெரிஞ்சுது: நியூட்ரினோ வர்ற வழியில வேஷம் மாத்திக்குது. மொத்தத்தையும் கூட்டினா பாகால் சொன்ன கணக்கு. டேவிஸுக்கு 2002ல நோபல் வந்துது. பாகாலுக்கு வரலை. நீதி இல்லாத ஒலகம், ஆனா கணக்கு நின்னுது. அவரு அப்படி அடிச்சுப் பேசினதுக்குக் காரணம் வீம்பு இல்லை. உள்ள போட்ட ஒவ்வொரு எண்ணையும் அசைச்சு அசைச்சு, எது அசைஞ்சா விடை எத்தனை அசையும்னு அவருக்குத் தெரியும். நீ அப்படிப் பண்ணினயின்னா உனக்கும் வாய் பேச உரிமை உண்டு.

நிரல் தெறந்து கெடந்தாலே எல்லாம் சரியாயிரும்னும் நெனைக்காதே. மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜுல படிச்ச சந்திரசேகர், 1930ல கப்பல்ல இங்கிலாந்துக்குப் போறப்பவே, வெண்குள்ளன் தாங்கற பாரத்துக்கு ஒரு எல்லை உண்டுன்னு கணக்குப் போட்டாரு. இப்ப அந்த எல்லைய 1.4 சூரிய எடைன்னு சொல்றோம். அவருகிட்ட ஒளிச்சு வெக்க நிரலா இருந்துது? அத்தனையும் காகிதத்துல, சமன்பாடா, யாரு வேணும்னாலும் போட்டுப் பாக்கற மாதிரி இருந்துது. 1935 ஜனவரியில லண்டன் வானியல் சபையில எடிங்டன்ங்கற பேர்போன வானியல்காரரு எந்திரிச்சு நையாண்டி பண்ணிச் சிரிச்சாரு. கணக்குப் புரிஞ்ச பெரிய மனுசங்க, சந்திரசேகரைத் தனியாக் கூப்பிட்டு நீ சொல்றதுதான் சரின்னாங்க, சபையில சொல்லலை. நோபல் வந்தது 1983ல. தெறந்து வெச்சா மட்டும் பத்தாது. ஒருத்தன் உள்ள எட்டிப் பாத்து, பாத்ததை வெளிய சொல்லோணும். நையாண்டி பண்றவங்களை மட்டும் நம்பீரக்கூடாது, என்னையும் சேத்துத்தான்.

மெசாவை எழுதினவிய கேக்கறதும் அதுதான். நீ என்ன ஓட்டினயோ அதை இன்னொருத்தன் திரும்ப ஓட்டற அளவுக்கு எல்லாத்தையும் வெளிய வெச்சிருங்கறாங்க. இன்லிஸ்ட்டு, நீயா எழுதிச் சேத்த நிரல் வரி, எந்தப் பதிப்பு, எல்லாம். பதிப்பு முக்கியம் கண்ணு. எந்தப் பதிப்புல என்ன பிழை இருக்குதுன்னு அவியளே பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. தன்ற தப்பைத் தானே பட்டியல் போட்டுத் தெருவுல ஒட்டறவனை நானு இந்த வயசுல மொத மொதலா இப்பத்தான் கேள்விப்படறேன். வாக்கு கேட்டு வர்றவங்க இப்படி ஒட்டினாங்கன்னா நானு நோட்டாவை விட்டுருவேன்.

அதனால, நீ கட்டுரைய அனுப்பறப்ப அந்தக் கோப்பையும் சேத்து அனுப்பு. அடுக்கைப் பாதியாக்கி ஓட்டினது, எட்டைப் பாதியாக்கி ஓட்டினது, சம்மதம்னு போட்ட சுவிட்ச், எல்லாம் அதுல இருக்கட்டும். நானு படிக்கமாட்டேன், எனக்குக் கண்ணாடி மாத்தோணும். ஆனா எங்கயோ ஒருத்தன் படிப்பான். அவனுக்கு உன்னைத் தெரியாது, உன்ற வாத்தியாரைத் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு உன்ற இன்லிஸ்ட்டை ஓட்டிப் பாத்துட்டு, உங்க கோடும் என் கோடும் ஒத்துப்போகலைங்கன்னு மெயில் போடுவான். கோவிச்சுக்காம, மரியாதையா, சீக்கிரமாப் பதில் எழுது. பத்துக்கு ஆறு தடவை அவன் சொல்றதுதான் சரியா இருக்கும்.